கதைகளில் வரும் பணக்காரப் பாத்திரங்கள் ஏன் எப்போதும் கழுத்தில் கிராவட் கட்டியிருக்கிறார்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் கொடுத்திருக்கும் விளக்கத்தையும் படித்தேன். "அனிமேயிலும் சரி, பழைய ஆங்கில நாவல்களை வைத்து எடுக்கும் தொடர்களிலும் சரி, பிரபு என்றால் கழுத்தில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிவிடுகிறார்கள். சாதாரண வெள்ளைத் துணிதானே, அதில் என்ன பணக்காரத்தனம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கதை எழுதுகிறீர்கள், அல்லது நாடகத்துக்கு உடை தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

"சாதாரண வெள்ளைத் துணிதானே" என்ற வரியைப் படித்த பிறகு பேசாமல் போக முடியவில்லை. மதுரையில் மூன்று தலைமுறையாகச் சலவைத் தொழில் பார்த்த வீடு எங்களுடையது. வெள்ளைத் துணியில் சாதாரணம் என்று ஒன்று கிடையாது.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்காகப் போரிட வந்த குரோஷியக் கூலிப்படையினர் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்து பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டதுதான் கிராவட். குரோஷியர் என்ற பெயரே திரிந்து துணிக்கும் பெயரானது. பதினான்காம் லூயி காலத்தில் அது லேஸ் வேலைப்பாடு கொண்டதாக ஆயிற்று. அப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கே இடமில்லை. லேஸின் விலையே ஆளைச் சொல்லிவிடும். கிரின்லிங் கிப்பன்ஸ் என்ற மரச் சிற்பி சுமார் 1690-இல் லேஸ் கிராவட் ஒன்றை லைம் என்ற ஐரோப்பிய மரத்தில், நூல் நூலாகத் தெரியும்படி செதுக்கினார். இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் 1769-இல் வெளிநாட்டு விருந்தாளிகளை வரவேற்க அந்த மரக் கிராவட்டையே கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

நீங்கள் கேட்பது அதற்குப் பிந்தைய, லேஸ் எதுவும் இல்லாத வெறும் வெள்ளைக் கிராவட்டை. அதற்குக் காரணமானவர் பிரம்மெல் என்ற லண்டன்காரர், உடை நேர்த்திக்குப் பேர்போனவர், 1778-இல் பிறந்தவர். பிரபு வம்சம் இல்லை. தாத்தா ஒரு வீட்டு வேலைக்காரர், அப்பா ஒரு மந்திரிக்குச் செயலாளர். ஆனால் பின்னால் நான்காம் ஜார்ஜ் மன்னராக ஆன இளவரசரே இவர் உடுத்துவதைப் பார்க்க வீட்டுக்கு வருவாராம். இவர் செய்தது ஒன்றுதான். அதுவரை தொளதொளவென்று முன்னால் பிதுங்கிக்கொண்டிருந்த கழுத்துத் துணிக்கு லேசாகக் கஞ்சி போட்டார்.

கஞ்சிதான். பட்டு இல்லை, ஜரிகை இல்லை. வாசனைத் திரவியம் வேண்டாம், நல்ல மெல்லிய வெள்ளைத் துணி நிறைய வேண்டும், அதை நாட்டுப்புறத்தில் வெளுத்து வாங்க வேண்டும் என்பது அவர் சொன்னதாக வழங்கும் விதி. ஏன் நாட்டுப்புறம்? லண்டன் அப்போது நிலக்கரிப் புகையில் கிடந்தது. ஊருக்குள் காயப்போட்ட வெள்ளை சாயங்காலத்துக்குள் சாம்பல் பூத்துவிடும். கிராமத்தில் புல்வெளியில் விரித்து வெயிலில் காயவைத்தால்தான் வெளுக்கும். என் தாத்தாவும் இதையேதான் சொல்வார். தெருப் பைப்புத் தண்ணீரில் துவைத்தது கண்ணுக்கு வெள்ளை, வெள்ளாவி வைத்து வைகை மணலில் காய்ந்ததுதான் வெள்ளை என்பார்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லலாம். உடம்பில் முதலில் அழுக்காகும் இடம் கழுத்து. வேர்வை, எண்ணெய், தாடி உரசல், ஊர்ப் புகை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். எந்த வீட்டுச் சட்டையை எடுத்தாலும் காலர் மடிப்பைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்போம். அந்த இடத்தில் கொஞ்சமும் கறையில்லாத, மொடமொடப்புக் குறையாத வெள்ளைத் துணியோடு ஒருவன் ராத்திரி விருந்துக்கு வந்து நிற்கிறான் என்றால் என்ன பொருள்? அவனிடம் ஒன்றல்ல, டஜன் கணக்கில் துணி இருக்கிறது. துவைக்க ஒருத்தி, இஸ்திரி போட ஒருத்தி, கட்டிவிட ஒரு வேலையாள் இருக்கிறார்கள். அவன் குனிந்து எந்த வேலையும் செய்வதில்லை, செய்தால் கழுத்து கசங்கியிருக்கும். அந்தக் காலத்து வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. கிராவட் என்று எழுதியதுமே இத்தனையும் படித்துவிடுவார்கள்.

நாவலாசிரியர்கள் இதை எவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு இரண்டு பாத்திரங்களைச் சொல்கிறேன். ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபே'யில் ஹென்றி டில்னி என்ற இளைஞன், என் கிராவட்டுகளை நானே வாங்குவேன், அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு என்கிறான். தங்கைக்கு கஜம் ஐந்து ஷில்லிங்குக்கு அசல் இந்திய மஸ்லின் வாங்கித் தந்ததைச் சொல்கிறான். கதாநாயகியின் கவுனைப் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது, ஆனால் துவைத்தால் தாங்காது, நூல் பிரியும் என்கிறான். துணியின் ஆயுள் சலவையில் இருக்கிறது என்று அறிந்தவன். அவனைப் பண்பட்டவன் என்று நாம் நம்புவது அங்கேதான். இன்னொருவன் தாக்கரே 1847-48-இல் தொடராக எழுதிய 'வேனிட்டி ஃபேர்' நாவலில் வரும் ஜோஸ் செட்லி. கிழக்கிந்தியக் கம்பெனியில் கலெக்டராக இருந்து இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பியவன். முதல் காட்சியிலேயே பெரிய பெரிய கழுத்துத் துணிகள் பலவற்றை மூக்கு வரைக்கும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காசு இருக்கிறது, நயம் இல்லை. அதே துணிதான். ஒருவனுக்கு உயர்வு, ஒருவனுக்குப் பரிகாசம்.

என் கதைக்கு வருகிறேன். 1993-இல் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்கு லண்டன் பிரபு ஒருவர் வரும் நாடகம். நாடகத்தை நடத்திய பேராசிரியர் கடைவீதியில் வெள்ளை சாட்டின் வாங்கி வந்து பிரபுவாக நடித்த என் நண்பன் கழுத்தில் கட்டினார். ஒத்திகையில் விளக்கு பட்டதும் அது பளபளவென்று மின்னியது. பேண்டு வாத்திய உடுப்பு மாதிரி இருந்தது. "சார், இது பளபளக்கக் கூடாது, நிற்கணும்" என்று சொன்னேன். "நீ இஸ்திரி போடுற வீட்டுப் பையன்தானே, திரைச்சீலை கசங்கியிருக்கு, அதைப் பாரு தம்பி" என்றார். எல்லோர் முன்னாலும்.

நூலகத்தில் இருந்த ஒரு பழைய ஓவியத்தை ஜெராக்ஸ் எடுத்து அப்பாவிடம் கொண்டுபோனேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, பிரம்மெல் யாரென்றும் தெரியாது. பல்புக்குக் கீழே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "தாடைக்கும் துணிக்கும் நடுவுல காத்துப் போற எடம் இருக்கு பாரு. துணி தானா நிக்குது. இது துணி வேலை இல்லப்பா, கஞ்சி வேலை" என்றார்.

பழைய மல்லு வேட்டி ஒன்றை எடுத்தார். வசதியான வீட்டுப் பெரியவர்கள் கட்டுவார்களே, அந்த மெல்லிசு ரகம். மஸ்லின் வகையறாதான். மூன்று சதுரமாகக் கிழித்தார். ஜவ்வரிசியைக் கண்ணாடியாகும் வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஒரு சொட்டு நீலம் விட்டார். முதல் துணியில் கஞ்சி கூடிப்போய் நண்பன் கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்தது. இரண்டாவது, கட்டி முடிப்பதற்குள் தொய்ந்தது. மூன்றாவதை நிழலில் அரை ஈரத்துக்கு உலர்த்தி, கரிப்பெட்டியில் ஒரு முறை மட்டும் இழுத்தார். மடிப்பு வைத்துத் தேய்க்கவில்லை. "மடிப்பு பெட்டியில விழக் கூடாது, கழுத்துலதான் விழணும். அந்தத் தம்பியை மேல பாக்கச் சொல்லிக் கட்டு. அப்புறம் மெதுவா தாடையை இறக்கச் சொல்லு" என்றார்.

பிரம்மெலின் வாழ்க்கை வரலாற்றை 1844-இல் எழுதிய ஜெஸ்ஸி என்ற ராணுவ அதிகாரி, பிரம்மெல் கட்டிய முறையைச் சொல்லியிருக்கிறார். ஓரடி உயரத் துணியைச் சுற்றிக்கொண்டு, முகவாயைக் கூரைப் பக்கம் தூக்கி, பிறகு தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி மடிப்பு விழ வைப்பாராம். இதை நான் படித்தது பத்து வருடம் கழித்து. படித்த அன்று அப்பா உயிரோடு இல்லை.

நாடகத்தன்று நண்பனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வேலைக்காரனைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினான். அந்தத் திரும்பலிலேயே அவன் பிரபு ஆகிவிட்டான். கத்திக்கொண்டிருந்த பின்வரிசை அடங்கியது. முடிவில் நன்றி சொல்லும்போது பேராசிரியர் ஒலிபெருக்கிக்காரர் முதல் சாட்டின் கொடுத்த கடை வரை பெயர் சொன்னார். சாட்டினை யாரும் கட்டவே இல்லை. அரங்கத்தின் பின்கதவருகே நின்றிருந்த அப்பாவின் பெயர் வரவில்லை. அப்பா எதுவும் கேட்கவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

ஜெஸ்ஸி சொல்லும் இன்னொரு சம்பவம் எல்லோருக்கும் தெரிந்தது. பிரம்மெல் வீட்டு மாடிப்படியில் வேலையாள் கை நிறையக் கசங்கிய துணிகளோடு இறங்கி வருகிறான். என்ன இது என்று கேட்டால், "இவை எங்கள் தோல்விகள்" என்கிறான். படிப்பவர்கள் பிரம்மெலின் நேர்த்தியை நினைத்து வியக்கிறார்கள். அந்தக் குவியலில் ஒவ்வொன்றும் ஒரு பெண் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து அனுப்பியது. அரை நிமிடத்தில் கசக்கிப் போட்டதை அவள் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். எனக்கு அவள் கைதான் கண்ணில் தெரிகிறது.

கமெண்டில் சிலர் வருவார்கள் என்று தெரியும். சலவைத் தொழிலை அழகுபடுத்திப் பேசுகிறேன் என்பார்கள். அப்பாவை வாசல்படிக்கு வெளியே நிறுத்தி மூட்டை வாங்கிய வீடுகளை நான் பார்த்தவன், அதில் அழகு ஏதுமில்லை. நான் பேசுவது கைத்திறனைப் பற்றி. ஆஸ்காட் என்ற கழுத்துத் துணி வேறு, கிராவட் வேறு என்று திருத்த வருபவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், வேறுதான். பழைய தமிழ்ப் படங்களில் டிரெஸ்ஸிங் கவுனும் பைப்புமாக மாடியிலிருந்து இறங்கும் பணக்கார அப்பாக்கள் கழுத்தில் இருப்பது பட்டு. அது ஓய்வைக் காட்டுவது, நான் சொல்வது வெள்ளையை.

கிராவட்டுக்கு நம் ஊரில் ஒரு பங்காளி உண்டு, வக்கீல்கள் கழுத்தில் தொங்கும் இரண்டு வெள்ளைப் பட்டைகள். அதுவும் 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கழுத்துத் துணியின் மிச்சம்தான். அப்பாவிடம் வாரத்துக்கு நாற்பது ஜோடி வரும். பட்டை மஞ்சளடித்துப்போன வக்கீலைக் கட்சிக்காரன் நம்புவதில்லை என்று அவர்களே சொல்வார்கள்.

சொல்லக் கூடாதென்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் இன்னும் வண்டியில் இஸ்திரி போடுகிறார். ஒரு குடியிருப்பு வளாகத்தின் வேப்பமரத்தடியில் பதினோரு வருடம் நின்ற வண்டி. போன கோடையில் வளாகத்தின் தோற்றம் கெடுகிறது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு வெயிலுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் போட்டுக்கொண்டு போன சட்டைகளும் அண்ணன் தேய்த்தவைதான். ஒரு உருப்படிக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டால் பத்து நிமிடம் பேரம் நடக்கிறது.

கேள்விக்குத் திரும்புகிறேன். பிரபு ஒருவரை எழுதுகிறீர்கள் என்றால் கிராவட்டின் விலையை வர்ணிக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு அது எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அவன் நொடித்துப்போவதை எழுத வேண்டுமென்றாலும் அதே இடம்தான். கடன்காரர்களுக்குப் பயந்து பிரம்மெல் 1816-இல் பிரான்சுக்கு ஓடினார். கடைசிக் காலத்தில் வடக்கு பிரான்சின் கான் (Caen) நகரில் சலவைக்காரிக்குக் கொடுக்கக் காசில்லாமல் வெள்ளையை விட்டுக் கறுப்புப் பட்டுக்கு மாறினார். அழுக்குத் தெரியாது என்பதுதான் காரணம். 1840-இல் அங்கேயே மனநல விடுதியில் இறந்தார்.

நாடகத்துக்குத் துணி தேடுகிறீர்கள் என்றால் சாட்டின் வாங்காதீர்கள். நைந்த மல்லு வேட்டி போதும். ஒரு கைப்பிடி ஜவ்வரிசிக்கு ஒரு லிட்டர் தண்ணீர், நீலம் ஒரே சொட்டு. மதுரைப் பக்கம் இருந்தால் துணியைக் கொண்டு வாருங்கள், அண்ணனிடம் சொல்லி நானே பக்கத்தில் நின்று போட்டுத் தருகிறேன். நாடகம் முடிந்து நன்றி சொல்லும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள்.