டாக்டரம்மா பதில்கள்: மரபணு ரிப்போர்ட்டும் வயிற்றுப் பிள்ளையும்

கேள்வி: என் கணவர் என் தாய்மாமன்தான். மூத்த பெண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை. 4 வயதுப் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயதுக்கு மேல்தான் நடந்தான். எக்ஸோம் டெஸ்ட் (ஜீன்களில் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகளை மொத்தமாகப் படிப்பது) எடுத்ததில் ‘மயோ 7ஏ’ ஜீனின் இரண்டு பிரதியிலும் மாற்றம், ‘முக்கியத்துவம் தெளிவில்லை’ என்று வந்திருக்கிறது. இப்போது எனக்கு இரண்டு மாதம். இந்தக் குழந்தைக்கும் அதே மாற்றம் இருந்தால் கலைத்துவிடச் சொல்கிறார் நாத்தனார். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்கிறார் மாமியார் (எனக்குப் பாட்டியும் அவர்தான்). யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, குடியாத்தம்

பதில்: இரண்டு பேச்சும் வேண்டாம் அம்மா. பாட்டியின் கணக்கு தப்பு. இது இரு பிரதியும் (அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று) பழுதானால் வரும் நோய் என்று உறுதியானால், ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 4-இல் 1 வாய்ப்பு உண்டு. முந்தின பிள்ளைக்கு வந்ததால் அது குறையாது.

நாத்தனார் சொல்வது அதைவிட ஆபத்து. மாற்றங்களை லேப்காரர்கள் ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு முனையில் நோய் தருவது, மறுமுனையில் தீங்கற்றது. உங்கள் பையனுடையது நட்டநடுப் படி. அதை நம்பிக் கலைக்கவே கூடாது. மாமனைக் கட்டியவர்களின் பிள்ளைக்கு, சராசரியாக மரபணுத் தொகுதியில் எட்டில் ஒரு பங்கு இரு பிரதியும் ஒன்றாகவே இருக்கும். அதில் ஒரு பாவமும் செய்யாத மாற்றங்கள் ஏராளம். அதனால் ‘இரண்டு பிரதியிலும்’ என்பதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது.

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ‘இரண்டு வயதுக்கு மேல்தான் நடந்தான்’ என்ற வரியில் சிவப்பு மையால் கோடு போட்டேன். கேட்பதும் உடம்பு நிலைகொள்வதும் உட்காதின் வேலை. மயோ 7ஏ பழுதானால் வரும் அஷர் நோயின் முதல் வகையில் பிறவிக் காதுகேளாமை, தாமதமாக நடப்பது, சில வருடம் கழித்து மாலைக்கண், மூன்றும் சேர்ந்து வரும். கரண்ட் போனால் பையன் சுவரைத் தடவுகிறானா? இல்லை என்றாலும் விழித்திரைக்கு ஈ.ஆர்.ஜி. பரிசோதனை (வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளப்பது) செய்யுங்கள், பிள்ளை தடுமாறத் தொடங்கும் முன்பே அது காட்டிக்கொடுக்கும். லேப் படிவத்தில் வெறும் ‘காது கேளாமை’ என்று எழுதி அனுப்பியிருந்தால் (அப்படித்தான் எழுதுகிறார்கள்!) அஷர் நோயை அவர்கள் யோசிக்க வழியில்லை, அவர்களையும் குறை சொல்ல முடியாது.

அடுத்து, நீங்கள் இருவரும் மூத்த பெண்ணும் ரத்தம் கொடுங்கள். நன்றாகக் கேட்கும் அவளுக்கும் இரு பிரதியிலும் அதே மாற்றம் இருந்தால், பழியை வேறு ஜீனில் தேட வேண்டும். பழைய தரவை மறுபடி அலசவும் சொல்லுங்கள். 2025-இல் வெளியான ஜீனோம் இந்தியா தரவில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதி இருக்கிறது. வெள்ளைக்காரர் பட்டியலில் அரிதானது நம்மிடம் சகஜமாக இருக்கலாம், அப்படி இருந்தால் அது நோய் தருவதாக இருக்க வாய்ப்பு குறைவு.

இதெல்லாம் இந்த மாதமே நடக்கட்டும். மாற்றம் நோய் தருவதுதான் என்று உறுதியானால், வயிற்றுப் பிள்ளைக்கு அது இருக்கிறதா என்று 11 வாரத்துக்கு மேல் நச்சுக்கொடியிலோ, 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரிலோ பார்க்கலாம். வேலூர் சி.எம்.சி.யிலேயே மரபியல் துறை இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டை முழுசாக எடுத்துப் போங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது.

கேள்வி: தம்பிக்குக் கடுமையான ஹீமோபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்). எக்ஸோமில் ஒன்றும் இல்லை. அப்படியானால் நான் அதைச் சுமந்து என் பிள்ளைக்குக் கொடுத்துவிடும் பயமில்லைதானே?
- வாசகி, ஆரணி

பதில்: அவசரப்படாதீர்கள். கடுமையான வகையில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 ஜீனின் ஒரு பெருந்துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கும். துண்டு துண்டாகப் படிக்கும் எக்ஸோமுக்கு அது தெரியாது. இந்தத் தலைகீழ் துண்டைப் பார்க்கும் ‘இன்ட்ரான் 22 இன்வர்ஷன்’ டெஸ்ட்டைத் தம்பிக்குத் தனியாகக் கேட்டு எடுங்கள். அவனிடம் கிடைத்தால் உங்களுக்கும் அதே டெஸ்ட், கல்யாணப் பேச்சுக்கு முன்னால்.