திறமை இருக்கிறது, தகைமை இல்லையாம்

கேள்வி: என் தம்பி சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். வயரிங் பாஸ் ஒருவரிடம் எட்டு வருஷம் வேலை பழகி, இப்போது தோட்டத்திலும் டவுனிலும் தனியாக வேலை எடுத்துச் செய்கிறான். கொழும்பில் ஒரு கம்பனிக்கு நேர்முகத்துக்குப் போனபோது, "திறமை இருக்கிறது, தகைமை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். டிப்ளோமா முடித்த வேறு பையனை எடுத்தார்களாம். வேலை தெரிந்தவனை விட்டுவிட்டுப் பேப்பர் வைத்திருப்பவனை எடுப்பது நியாயமா? மனம் உடைந்துபோயிருக்கிறான்.
– ஒரு அக்கா, தலவாக்கலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியின் வருத்தம் புரிகிறது. அரை நாள் வேலை கொடுத்துப் பார்த்திருந்தால் அந்தக் கம்பனிக்கே நல்லது. ஆனால் அவர்கள் தேடியிருக்க வேண்டியது தேர்ச்சியை. திறமை, தகைமை, அனுபவம் மூன்றும் அதற்கு உறவுக்காரர்கள்தான் என்றாலும், மூன்றும் இருக்கிற ஒருவர்கூட வேலையைப் பிழையாகச் செய்வதைப் பார்க்கிறோம்.

திறமை ஆளோடு வருவது. சிலருக்குக் கையில் வேலைக் கருவியைக் கொடுத்தாலே வேலை பிடிபடும். தகைமை, பரீட்சையில் தேறியதற்கான சான்று. அனுபவம், அந்த வேலையில் கழித்த காலம். தேர்ச்சி என்பது, வேலையை அதற்குரிய தரத்தில், பழகின வீட்டிலும் பழகாத கட்டடத்திலும், ஏன் இப்படிச் செய்கிறோம் என்று தெரிந்து, ஒவ்வொரு தடவையும் செய்து முடிப்பது.

மலையில் கொழுந்தெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கை வேகம். நிறுவையில் கிலோ கூடக் காட்டும். இன்னொருவர் மட்டக்கம்பை வைத்து, செடியின் மேல்மட்டம் குலையாமல், பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட்டு, முற்றிய இலை கூடைக்குள் போகாமல் எடுப்பார். இரண்டு பேருக்கும் இருபது வருஷ அனுபவம் இருக்கலாம். தேர்ச்சி இரண்டாமவரிடம்தான். 1867இல் லூல்கந்துரையில் தேயிலைப் பயிர் தொடங்கிய காலம் முதல், இந்தத் தேர்ச்சியை வெறும் பழக்கம் என்று சொல்லியே நம் பெண்களுக்குக் கூலி குறைத்துப் போட்டார்கள். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் உண்டு. அதனால்தான் தம்பி தன் தேர்ச்சியை எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்கிறேன்.

முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளட்டும். மெயின் சுவிட்சை நிறுத்திய பிறகு வயரைத் தொடுமுன் என்ன செய்கிறான்? தேர்ந்தவர், கரண்ட் இருப்பது நிச்சயமான இடத்தில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். பிறகு வேலை செய்யப்போகும் வயரில். மறுபடியும் முதல் இடத்தில். டெஸ்டரே பழுதாகியிருந்தால், "கரண்ட் இல்லை" என்று அது காட்டுவதை நம்பிக் கையை வைத்தவர் கதி என்ன? வேலை முடிந்ததும் பல்ப் எரிகிறது என்று கிளம்பிவிட மாட்டார். 500 வோல்ட் மெகர் என்ற மீட்டரால், வயரிலிருந்து கரண்ட் கசியாமல் தடுக்கும் இன்சுலேஷனை அளந்து, குறைந்தது 1 மெகாஓம் வருகிறதா என்று பார்ப்பார். கரண்ட் கசிந்தால் தானே விழும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்றும் பார்ப்பார். சுவரில் ஈரம் ஊறும் பழைய லயங்களில் இது உயிர் விஷயம்.

இதெல்லாம் தம்பிக்குக் கைவந்ததாக இருந்தால், டிப்ளோமாப் பையனுக்கு அவன் எதிலும் குறைந்தவன் இல்லை. ஏதாவது விடுபட்டிருந்தால் பழகிக்கொள்ளலாம்; எட்டு வருஷம் பழகிய கைக்கு அது பெரிய காரியமில்லை.

இனி வழி. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., 7 மட்டங்கள் கொண்டது. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். வகுப்புக்கே போகாமல் வேலையில் கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறையும் இதில் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்திலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். அங்கே புள்ளி போடுவதில்லை. வேலையைச் செய்ய வைத்துப் பார்த்து, கேள்வி கேட்டு, தேர்ச்சி உண்டு அல்லது இன்னும் தேர்ச்சி பெறவில்லை என்று முடிவு சொல்வார்கள். தனியாக வேலை எடுத்துச் செய்கிற தம்பி 4ஆம் மட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

செய்த வேலைகளின் போட்டோக்கள், சாமான் பில்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடச் சொல்லுங்கள். பழக்கிவிட்ட பாஸிடம் எந்த வருஷத்திலிருந்து, என்னென்ன வேலை என்று விவரமாக ஒரு கடிதம் வாங்கட்டும். மதிப்பீடு தமிழில் வேண்டும் என்பதை விண்ணப்பம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் போய் நின்றுகொண்டு கேட்டால், தெரிந்த வேலைக்கும் பதில் சொல்ல முடியாமல் தம்பி திணற நேரும்.