விதை உளுந்தில் வண்டு எங்கிருந்து வருகிறது?

மூட்டையை இறுகக் கட்டியும் உளுந்தில் வண்டு வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது வயலிலிருந்தே கூட வருகிறது. முற்றிய காய்மேல் முட்டையிட்டுவிடும். ஒரு கை உளுந்தை வெளிச்சத்தில் பாருங்கள், கருந்தோலில் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அதுதான் முட்டை. புழு நேரே விதைக்குள் துளைத்துப் போய், உள்ளேயே தின்று, வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளிவரும்.

அதனால் காயவைப்பதுதான் முக்கியம். ஈரப்பதம் 9 சதவீதத்துக்குள் இறங்கணும். கடித்தால் டக்கென்று உடையணும். ஆறியதும் கிலோவுக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் பிசறிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சமையலுக்கென்றால் வேப்பெண்ணெய் கசக்கும். உடைத்துப் பருப்பாக வைத்துக்கொள்ளலாம்.

தயவுசெய்து வண்டைக் கொல்லப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயு தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும்.