காப்பகத்திலிருந்து செவலையைத் திரும்பக் கூட்டி வரலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் ஐந்து வருடமாக இருக்கும் பெண் நாய் செவலை. கருத்தடை ஆனது, அதற்கு அடையாளமாகக் காதில் வெட்டு இருக்கிறது. சென்ற மாதம் யாரோ அதன் முதுகில் கொதிநீரை ஊற்றிவிட்டார்கள். நான்கு விலங்குநல அமைப்புகளுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மூன்றில் எடுக்கவில்லை, ஒன்றில் இடமில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோவில் நாங்களே கொண்டுபோய் ஒரு காப்பகத்தில் சேர்த்தோம். அதற்குள் புண்ணில் புழு வைத்துவிட்டது. இப்போது ஆறிவிட்டது, வந்து கூட்டிப் போங்கள் என்கிறார்கள். குடியிருப்போர் சங்கமோ, கொண்டுவந்தால் மாநகராட்சி வண்டியில் பிடித்துக் கொடுத்துவிடுவோம் என்கிறது. காப்பகத்திலேயே விட்டுவிடுவதுதான் அதற்கு நல்லதா? ஊற்றியவர் மீது இனியும் புகார் கொடுக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மடிப்பாக்கம், சென்னை

பதில்: கூட்டி வாருங்கள். இந்த வாரமே கூட்டி வாருங்கள். மற்றவற்றைப் பிறகு சொல்கிறேன். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் செவலைக்குத்தான் ஆபத்து.

காப்பகம் என்றதும் பலருடைய மனத்தில் ஒரு தோப்பு தோன்றுகிறது: மர நிழல், ஓடியாடும் நாய்கள், வேளாவேளைக்குச் சோறு. கால்நடை மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் இந்த நகரத்தின் காப்பகங்களுக்குப் போய் வருகிறவன் நான். எனக்குத் தெரிந்த காப்பகம், அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவைப் போன்றது. முதுகெலும்பு உடைந்த நாய், கண் பிதுங்கிய பூனை, இரத்தப்பேதியோடு வந்த குட்டிகள் என்று வாசலிலேயே வரிசை நிற்கும். குட்டிகளுக்கு வரும் அந்த இரத்தப்பேதிக்குக் காரணமான பார்வோ கிருமி தரையிலும் கூண்டிலும் நம் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டிஸ்டெம்பர் நோய் இருமலிலும் தும்மலிலும் பரவும். எவ்வளவு கழுவித் துடைத்தாலும், நூற்றுக்கணக்கான விலங்குகள் நெருங்கி இருக்கும் இடத்தில் தொற்றை முழுவதும் தடுக்க முடியாது.

பல வருடங்களுக்கு முன் பல்லாவரம் பக்கத்திலிருந்து கால் முறிந்த கறுப்பு நாய் ஒன்று வந்தது. கம்பி வைத்து, ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. கொண்டுவந்து சேர்த்தவரின் எண்ணுக்கு அழைத்தோம். அவர் எடுக்கவே இல்லை. எந்தத் தெரு என்பதும் பதிவேட்டில் சரியாக எழுதப்படவில்லை. நன்றாக நடக்கும் அந்த நாய் கூண்டுக் கம்பியில் மூக்கை வைத்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். பத்தாவது வாரம் டிஸ்டெம்பர் வந்தது. வலிப்பு தொடங்கிய மூன்றாம் நாள் இறந்தது. கால் முறிவுக்கு வந்த நாய் டிஸ்டெம்பரில் போயிற்று. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த நாய்தான் நினைவுக்கு வந்தது.

உங்களை அழைத்துக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள் என்றால் அது நல்ல காப்பகம். செவலை காலி செய்யும் கூண்டில் அன்றைக்கே இன்னொரு உயிர் ஏறும்.

தொலைபேசியை யாரும் எடுக்காததில் உங்களுக்கு வருத்தம் இருக்கிறது. நியாயமான வருத்தம்தான். ஆனால் கணக்கையும் பாருங்கள். 2024இல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருப்பதாகத் தெரியவந்தது. இவற்றுக்காக ஓடும் அமைப்புகளின் வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பல இடங்களில் ஓட்டுநரும் பிடிப்பவரும் ஒருவரே. வலை போடும் நேரத்தில் அவரால் தொலைபேசியை எடுக்க முடியாது.

ஆகவே அழைக்கும் விதம் முக்கியம். ‘இங்கே ஒரு நாய் கிடக்கிறது, வந்து எடுத்துப் போங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களே அதிகம். வண்டி வரும்போது நாயும் இருக்காது, அழைத்தவரும் இருக்கமாட்டார். அழைப்பு கிடைக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் இருப்பிடக் குறியீடு, காயம் தெரியும் ஒரு படம், அரை நிமிடக் காணொளி ஆகியவற்றை அனுப்புங்கள். கூடவே மூன்று வாக்கியங்கள்: நாயின் பக்கத்திலேயே இருக்கிறேன், வண்டி இல்லையென்றால் நானே கொண்டுவருகிறேன், ஆறியதும் நானே திரும்பக் கூட்டிப் போகிறேன். இந்த மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டதும், இடமில்லை என்று சொன்ன இடத்திலும் ஒரு மூலை கிடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பயணத்துக்குத் தாங்கும் நிலையில் இருந்தால், காத்திருக்காமல் ஆட்டோவில் ஏற்றி வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே கொண்டுபோகலாம். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. தெருநாய் என்று சொல்லி யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். மாடு, ஆடு என்றால் 1962 என்ற எண். நாய்த்தொல்லை, வெறிநோய்ச் சந்தேகம் போன்றவற்றுக்கு மாநகராட்சியின் 1913. மாஞ்சா நூலில் சிக்கிய பருந்து, குரங்கு, பாம்பு என்றால் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும். அவை வனவிலங்குச் சட்டத்தில் வருவதால் வீட்டில் வைத்துப் பராமரிக்கக்கூடாது.

கொதிநீர்க் காயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாய்களில் இது ஏமாற்றும் காயம். முடி மூடியிருப்பதால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஈரமாக இருக்கிறது, கொஞ்சம் சிணுங்குகிறது என்று நினைப்போம். இரண்டு மூன்று நாளில் தோல் தோல்பைபோல் விறைத்து, பட்டையாக உரிந்து வரும். நம் ஊர் வெப்பத்தில் ஈ மொய்த்து ஒரே நாளில் புழு வைத்துவிடும். செவலைக்கு நடந்தது அதுதான். உங்கள் தவறு என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு முறை நடந்தால், உடனே சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஊற்றுங்கள். பனிக்கட்டி வேண்டாம். மஞ்சள், தேங்காயெண்ணெய், பற்பசை, மை எதையும் தடவாதீர்கள். அவற்றைச் சுரண்டி எடுப்பதற்குள் அந்த உயிர் படும் பாடு, மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்குத்தான் தெரியும். நனைத்த சுத்தமான பருத்தித் துணியால் மூடி, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். புழு வைத்துவிட்டால் மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுவதையும் பார்க்கிறேன். இரண்டும் விஷம். நாய் புண்ணை நக்கும், விஷம் வயிற்றுக்குள் போகும். வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பூனைக்குக் கொடுத்தால் உயிரே போய்விடும்.

ஐந்து வருடம் உங்கள் கையில் சாப்பிட்ட நாயும் வலியில் கடிக்கும். தூக்கும் முன் துப்பட்டாவை வாயைச் சுற்றிக் கட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். வாந்தி எடுத்தாலோ மூச்சு வாங்கினாலோ கட்டக்கூடாது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். தெரிந்த நாய்தானே, தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று ஒரு தவணையைக்கூட விடாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தே இல்லை.

இனிப் புகார். ஒரு மாதம் ஆனாலும் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. நம் ஊர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் அதற்கு வித்து. ஆனால் அதன் 11ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அறுபது வருடம் தாண்டியும் அதே ஐம்பது ரூபாய். ஒரு உயிரின் முதுகுத் தோலை உரித்ததற்கு இரண்டு தேநீர் விலை. எனக்கு இது ஆறாத கோபம். அதனால் அந்தப் பிரிவோடு நிறுத்திவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 325ஆவது பிரிவையும் குறிப்பிடுங்கள். விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் மதிப்பு பத்து ரூபாயாவது இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. தெருநாய்க்கு என்ன விலை என்று காவல் நிலையத்தில் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. புதிய பிரிவில் அந்த வரி இல்லை.

புகார் நிற்பதும் விழுவதும் காகிதத்தில்தான். முதல் நாள் எடுத்த படங்களைத் தேதியோடு அழிக்காமல் வையுங்கள். காப்பக மருத்துவரிடம், இது வெந்நீரால் ஏற்பட்ட காயம், இவ்வளவு பரப்பு, இன்ன நிரந்தரப் பாதிப்பு என்று கையெழுத்தும் முத்திரையும் இட்ட சான்று வாங்குங்கள். தெருவில் கேமரா இருந்தால் அந்தப் பதிவு இந்நேரம் அழிந்திருக்கலாம். இருந்தாலும் கேட்டுப்பாருங்கள். நேரில் பார்த்தவர் ஒருவர் இருந்தால் அவரை உடன் அழைத்துப் போங்கள். பார்க்காமல் ஊகத்தில் ஒருவர் பெயரை எழுதாதீர்கள், அடையாளம் தெரியாத நபர் என்றே எழுதுங்கள். எழுத்துமூலப் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால் காவல் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம். தண்டனை கிடைக்குமோ கிடைக்காதோ, ஒரு காவலர் தெருவுக்கு வந்து நான்கு வீட்டில் விசாரித்துவிட்டுப் போனாலே அடுத்த முறை வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கும் கை தானே கீழே இறங்கிவிடும்.

சங்கத்தின் மிரட்டலுக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி, பிடித்த நாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. வெறிநோய் கண்டவையும் ஆக்ரோஷமானவையும் மட்டும் விதிவிலக்கு. அதே ஆண்டு நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றுக்குள்ளிருந்து பிடிக்கும் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. உங்கள் தெரு அதில் வராது. காதில் வெட்டுள்ள, யாரையும் கடிக்காத செவலையைப் பிடித்துக்கொண்டு போய் வேறெங்கோ விடச் சொல்ல சங்கத்துக்கு அதிகாரம் இல்லை.

சட்டத்தைத் தூக்கிக் காட்டுவதற்கு முன் ஒரு பழைய கதையையும் அவர்களுக்குச் சொல்லிப்பாருங்கள். இந்த மாநகராட்சி 1996 வரை தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. நூறு வருடத்துக்கு மேல் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. ஒரு தெருவைக் காலி செய்தால் அடுத்த தெரு நாய்கள், கருத்தடை ஆகாதவை, அந்த இடத்தைப் பிடித்துக் குட்டி போடும். 1964இல் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கிய கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பத்தாரும், கருத்தடை செய்து அங்கேயே விடுங்கள் என்று முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்த பிறகுதான் மாநகராட்சி இசைந்தது. செவலையை அனுப்பினால் அந்த இடத்துக்கு வரப்போவது அவர்களுக்குப் பழக்கமில்லாத, ஊசி போடாத நாய்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். செவலைக்கு எங்கே சோறு வைக்கிறீர்கள்? இத்தகைய தாக்குதல்களில் பல, இன்னொருவர் வீட்டு வாசலில் சோறு வைத்ததால் தொடங்கியவை. நாயைக் கண்டால் உண்மையிலேயே நடுங்குபவர்கள் இருக்கிறார்கள். சிறு வயதில் கடிபட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பயத்தை அலட்சியம் செய்தால் அதன் விலையை நாய்தான் கொடுக்கும். குழந்தைகள் விளையாடும் இடம், நுழைவாயில், மாடிப்படி ஆகியவற்றிலிருந்து தள்ளிச் சோறு வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. வார்டுதோறும் உணவிடம் ஒதுக்க வேண்டும், தெருவில் கண்ட இடத்தில் போடக்கூடாது என்பதும் ஆகஸ்ட் உத்தரவில் உண்டு. உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். இடம் கிடைத்ததும் தினமும் ஒரே நேரத்தில் வைத்து, தின்று முடித்ததும் இலையையோ தட்டையோ எடுத்துவிடுங்கள். சங்கக் கூட்டத்தில் சண்டை போடும் பாதி வாய்கள் அந்தச் சுத்தத்தைப் பார்த்தே மூடிவிடும்.

கூட்டி வரும் நாள் காலை வேளையாக இருக்கட்டும். இரவில் விட்டால் அக்கம்பக்கத்து நாய்கள் ஒரு மாதம் காணாமல் போன செவலையை அந்நியமாக எண்ணித் துரத்தும். அந்த ஆட்டோத் தம்பியையே கூப்பிடுங்கள், செவலைக்கு அவர் வாசனை தெரியும். அது வழக்கமாகப் படுத்திருந்த சாக்கு இருந்தால் எடுத்துப் போங்கள். எடுத்துவந்த அதே இடத்தில் இறக்கி, ஒரு மணி நேரமாவது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். முதுகில் முடி முளைக்காத வழுக்கைத் தழும்பு இருக்கும். வெயிலில் அது எளிதில் வெந்துவிடும், மதியத்தில் நிழல் தேடிக் கொடுங்கள். தழும்பு வெடித்தாலோ ஈ உட்கார்ந்தாலோ அன்றே படம் எடுத்துக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். போகும்போது அவர்களுக்குப் பழைய பெட்ஷீட்டும் செய்தித்தாளும் கொண்டுபோனால் அன்றைக்கே பயன்படும். கிளம்பும் முன் செவலைக்குப் போட்ட வெறிநோய்த் தடுப்பூசியின் தேதி எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சங்கச் செயலாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.