ஆடு போனதும் தறி போயிற்று

வணக்கம் சார்,
பெதுயின்கள் என்ற பாலைவனத்து அரபு நாடோடி மக்களின் பெண்கள் உடுத்தியது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பூவேலை எல்லாம் அழகுதான். ஆனால் ஊர், பள்ளிக்கூடம், கடைத்துணி என்று வந்ததும் பழையதை அவர்களே விரும்பி விட்டதற்கு நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?
கே.

அன்புள்ள கே.,

'அவர்களே விரும்பி' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இஸ்ரேலின் தெற்கில் இருக்கும் நெகேவ் பாலைவனத்தை மட்டும் சொல்கிறேன். 1948 போருக்குப் பின் அங்கே மிஞ்சிய பெதுயின்களை இஸ்ரேல் அரசு பீர்ஷெபா நகரத்தின் பக்கம் ஓர் எல்லைக்குள் அடைத்தது. 1966 வரை ராணுவ நிர்வாகம், வெளியே போக அனுமதிச் சீட்டு. செடிகொடிகளை அழிக்கிறது என்று 1950இல் வெள்ளாட்டு மேய்ச்சலைக் கட்டுப்படுத்தியும் ஒரு சட்டம் போட்டார்கள். 2018இல்தான் அது நீங்கியது.

ஆட்டுக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் வாழ்ந்த கூடாரமே ஆட்டு ரோமம்தான். ஆட்டின் பின்னால் நடந்தபடியே தக்களியில் நூற்று, தரையில் முளையடித்துக் கட்டிய தறியில் பட்டை பட்டையாக நெய்து, சேர்த்துத் தைத்து, இடம் மாறும்போது பிரித்து மறுபடி போடுவது வரை எல்லாம் பெண்கள் கை. மழை பட்டால் இழை உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஆடு குறைந்தால் ரோமம் இல்லை, தறி இல்லை. 1960களின் கடைசியிலிருந்து அவர்களுக்காக அரசு எழுப்பிய ஊர்களில் சிமெண்டு வீடு. அதைக் கட்டுவதில் அவளுக்கு என்ன பங்கு?

அப்புறம் அந்தக் காலத்து உடை. கறுப்புத் துணியில் கிராஸ் ஸ்டிச் பூவேலை. கல்யாணமாகாத பெண்ணுக்கு நீல நூல், கல்யாணமானவளுக்குச் சிவப்பு. கணவனை இழந்தவள் நீலத்துக்குத் திரும்புவாள், மறுமணத்துக்கு மனமிருந்தால் அந்த நீலத்தின் நடுவே கொஞ்சம் சிவப்புப் பூக்களைப் போட்டுக்கொள்வாள். யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத ஒன்றை ஊசியால் சொல்லிவிடுகிறாள், பார்க்கிற பெண்களுக்கெல்லாம் புரிந்தும் விடுகிறது, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது. துணி நைந்தால் பூவேலையை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத் துணியில் வைத்துத் தைப்பார்கள். அது வருஷக்கணக்கான உழைப்பு. கடையில் வாங்கும் கறுப்பு அபாயாவில், அதாவது உடம்பை மூடும் தொளதொள மேலங்கியில், இதற்கெல்லாம் இடமில்லை.

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகம் வரை படிப்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் படிப்பதற்காக ஆட்டை விட்டார்கள் என்று சொல்லாதீர்கள், சரியா? ஆடு முதலில் போனது.

நெகேவிலேயே லகியா என்ற ஊரில் பெதுயின் பெண்கள் ஒன்றுசேர்ந்து 1990களிலிருந்து அதே தரைத் தறியில் நெய்து விற்று வந்திருக்கிறார்கள். நெய்தது கூடாரம் இல்லை, வேறு வீடுகளின் தரையில் விரிக்கிற கம்பளம்.