வளைகுடாப் பணமும் ஊரில் எழும் வீடும்

கேள்வி: வளைகுடா நாடுகளில் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்புகிறவர்களில் பலர், சம்பாதித்ததை எல்லாம் வீடாகக் கட்டிவிட்டுக் கையில் காசில்லாமல் நிற்கிறார்கள். அந்தப் பணத்தைத் தொழிலில் போட்டிருந்தால் குடும்பமும் பிழைத்திருக்கும், நாடும் வளர்ந்திருக்கும். இந்த வீட்டு மோகத்தை நீங்கள் ஏன் கண்டித்து எழுதுவதில்லை?

பதில்: கண்டிப்பதற்கு முன்னால், அந்தத் தொழிலாளி எந்த இடத்தில் நின்றுகொண்டு இந்த முடிவை எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். அவர் வேலை செய்யும் நாட்டில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் குடியுரிமை கிடைக்கப் போவதில்லை. அவருடைய விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அரசு ஓய்வூதியம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு உண்டு, அவருக்கு இல்லை. அவருக்குச் சட்டம் தருவது பணிக்கொடை மட்டுமே. சவூதி அரேபியாவை எடுத்துக்கொண்டால், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமும், அதன் பிறகு ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளமும் கணக்கிடப்படுகிறது. பத்து ஆண்டுகள் முடித்தவர் ஏழரை மாதச் சம்பளத்தோடு விமானம் ஏறுகிறார் என்று பொருள். 2020இல் கொரோனாவால் வேலையிழந்து திரும்பியவர்களில் பலருக்கு இந்தத் தொகையும், அதோடு நிலுவைச் சம்பளமும் கைக்கு வந்து சேரவில்லை. இப்படிப்பட்ட வாழ்க்கையில், யாரும் ரத்து செய்ய முடியாததாக ஒருவருக்கு மிஞ்சுவது அவர் பெயரில் பதிவான மனையும் அதன்மேல் நிற்கும் சுவர்களும்தான். அதை மோகம் என்று நான் எழுத மாட்டேன்.

மாதச் சம்பளக்காரர் ஒருவர் வங்கியில் இருபது ஆண்டுக் கடன் வாங்கி நகரத்தில் ஒரு குடியிருப்பை வாங்கினால் அவரைப் பொறுப்பானவர் என்கிறோம். இந்தியா, அமெரிக்கா உட்படப் பல நாடுகளின் வருமான வரிச் சட்டங்கள் அந்தக் கடனின் வட்டிக்குச் சலுகையும் தருகின்றன. வெயிலில் கம்பி கட்டுகிற ஒருவர் அதையே செய்தால் மட்டும் அது ஆடம்பரச் செலவாகிவிடுகிறது. பொருளாதார அறிஞர்களும் நெடுங்காலம் இந்தப் பணத்தை உற்பத்திக்குப் பயன்படாத செலவு என்று ஒதுக்கிவைத்துத்தான் எழுதிவந்தார்கள். பிறகு நடந்த ஆய்வுகள் அந்த முடிவைப் பெரிதும் தளர்த்திவிட்டன. குவாத்தமாலாவில், வெளிநாட்டிலிருந்து பணம் பெறும் குடும்பங்கள் கூடுதலாக வரும் ஒவ்வொரு தொகையிலும் உணவுக்குக் குறைவாகவும் கல்விக்கும் வீட்டுக்கும் அதிகமாகவும் செலவிடுவது தெரியவந்தது. கானாவிலும் புர்கினா பாசோவிலும், வெளிநாட்டுப் பணம் வரும் குடும்பங்கள் மண் சுவரை விட்டு கான்கிரீட் வீட்டுக்கு மாறியிருப்பது அதிகம் என்றும், வறட்சி, வெள்ளம் போன்ற பேரிடர்களைத் தாங்கும் வலிமையை அது தருகிறது என்றும் கண்டார்கள். மழைக்காலம்தோறும் கூரையைப் பற்றிக் கவலைப்பட்ட குடும்பத்துக்கு இதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குள் போன பணம் சுவரோடு நின்றுவிடுவதும் இல்லை. அது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தச்சருக்கும் கூலியாகிறது. கேரளத்தில் இது எவ்வளவு தூரம் போயிற்று என்பதைப் பாருங்கள். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு அங்கிருந்து வளைகுடாவுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழுந்தன. கட்டட வேலைக்கு உள்ளூரில் ஆள் போதாமல் கூலி உயர்ந்தது. அந்தக் கூலியை நாடி மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். 2013இல் கேரளத்தின் குலாத்தி நிதி, வரி ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வு, அப்படி வந்தவர்கள் ஏறக்குறைய 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. துபாயில் ஈட்டிய ஒரு தொகை, கேரளத்து மலப்புரத்தில் ஒரு வீடாகி, அங்கே கூலியாகி, மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்தில் இன்னொரு வீட்டின் செங்கல்லாகிறது. இதை முடங்கிய பணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொழிலில் போடலாமே என்கிறீர்கள். எந்தத் தொழிலில்? கடல் கடந்து இருக்கிறவர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பில் வந்து கடையோ பட்டறையோ நடத்த முடியாது. உறவினரை நம்பி முதல் போட்டு இழந்தவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகர்களின் கடிதங்களிலிருந்தே நான் அறிவேன். விவசாயம் செய்யலாம் என்றால், அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் குடியிருப்பு மனை வாங்கலாமே தவிர, விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. ஓய்வூதியம் சேர்க்கலாம் என்றால், இந்தத் தொழிலாளர்களுக்காகவே மத்திய அரசு 2012இல் தொடங்கிய மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா திட்டம், சேருவோர் மிகச் சிலரே என்ற காரணத்தால் 2017இல் மூடப்பட்டது. முதுமைக்கென்று வந்த திட்டம் ஐந்தே ஆண்டுகளில் மறைந்துபோவதைப் பார்த்தவர், செங்கல்லை நம்புவதில் என்ன வியப்பு இருக்கிறது? ஐந்து ஆண்டுகளாவது பணம் கட்டியவருக்கு 60 வயதில் ஓய்வூதியம் தருகிற கேரளப் பிரவாசி நல வாரியம் போன்ற ஏற்பாடு ஆட்களை அனுப்பும் எல்லா மாநிலங்களிலும் உறுதியாக நிலைத்திருந்தால், உங்கள் கேள்வியின் ஒரு பாதி எழுந்தே இருக்காது.

மறுபாதியில் நீங்கள் சொல்வது சரி. அதை நான் மறைக்கப்போவதில்லை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கேரளத்தில் ஏறத்தாழ 12 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. கணக்கிட்டால் பத்தில் ஒரு வீட்டுக்கு மேல். இவை எல்லாமே வெளிநாட்டுப் பணத்தில் எழுந்தவை அல்ல என்றாலும், குடும்பமே வெளியூரில் இருக்க, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் அவற்றில் கணிசம். இரண்டு பேர் வாழ ஆறு அறைகள் கட்டுவது, அடுத்த வீட்டைவிட ஓர் அடி உயர வேண்டும் என்பதற்காக மாடியைக் கூட்டுவது, இவற்றுக்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை. இப்படிக் கட்டுவோர் பெருகும் ஊரில் மனை விலை ஏறுவதால், வெளிநாட்டில் யாரும் இல்லாத குடும்பம் சொந்த ஊரிலேயே மனை வாங்க முடியாமல் போகிறது. அந்தக் குடும்பத்தின் பையனும் விசா தேடிப் புறப்படுகிறான்.

ஆனால் என்னை உண்மையில் வருத்துவது வீண் செலவைவிட வேறொன்று. திரும்பி வந்து வாழ்வதற்காகத் தொடங்கிய வீடே பலரைத் திரும்பவிடாமல் செய்கிறது. தளம் போடும்வரை இருக்கிறேன் என்றவர், பூச்சு வேலைக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் என்கிறார்; பிறகு தரைக்கு, பிறகு சுற்றுச் சுவருக்கு, பிறகு கடனுக்கு. குழந்தைகள் வளர்ந்ததை அவர் தொலைபேசியில் பார்க்கிறார். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் பதினைந்து ஆண்டுக் கடனில் கையெழுத்திடும்போது, தம் மீதி இளமையையும் சேர்த்து அடமானம் வைக்கிறார் என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

ஆகவே கட்டாதே என்று நான் எழுத மாட்டேன். எப்படிக் கட்டுவது என்று எழுதுகிறேன். புறப்படும்போது ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக வாங்கிய கடனை அடைக்காமல் அஸ்திவாரம் தோண்டக் கூடாது. முதலில் குடும்பம் குடியேறக்கூடிய தரைத்தளத்தை முழுமையாக முடித்துவிட்டு, மேல்மாடிக்குக் கம்பியை விட்டு வைத்தால் போதும். வேலை திடீரென்று போனால் ஓராண்டு குடும்பம் நடக்கத் தேவையான தொகையை வங்கியில் தனியாக வைத்துவிட்டு, அதற்கு மேல் வருவதை மட்டுமே கட்டடத்தில் இறக்க வேண்டும். உறவினருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தில் இந்த மனை, இந்த வேலை என்று வரையறுத்து எழுத வேண்டும். எல்லாவற்றையும் விற்கவும் வாங்கவும் உரிமை கொடுக்கும் பொதுப் பத்திரம் வேண்டாம். பத்திரப் பதிவில் மனைவியின் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் கணவர் அனுப்பிய பணத்தை வீடாக்கியது, மேஸ்திரியோடு வாதாடி, சிமெண்ட் மூட்டையை எண்ணி வாங்கி, தனியாக நின்று ஒவ்வொரு வரிசைச் செங்கல்லையும் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்தான்.