குட்டை ரக வெள்ளை ஹைட்ராஞ்சியா: வாசகர் கேள்விகள்

கேள்வி: செடி செழிப்பாக இருக்கிறது, ஆனால் பூவே இல்லை. வருடா வருடம் ஒழுங்காகக் கிளைகளையும் வெட்டுகிறேன். என்ன குறை?

பதில்: அந்த வெட்டுதான் குறையாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பூங்கொத்து கூம்பாக நீண்டு, இலை மெலிந்து பளபளப்பில்லாமல் இருந்தால் அது பேனிகுலாட்டா. ‘போபோ’ போன்ற குட்டை ரகங்கள் இதில்தான் வருகின்றன. இலை தடித்துப் பளபளத்து, கொத்து உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் மேக்ரோஃபில்லா.

பேனிகுலாட்டா அந்தந்தப் பருவத்தில் விடும் புதுத் தளிரில்தான் பூக்கும். குளிர்காலக் கடைசியில் வெட்டினாலும் நஷ்டமில்லை. மேக்ரோஃபில்லா அப்படியல்ல. அடுத்த வருடப் பூவுக்கான மொட்டைக் கோடையின் பின்பகுதியிலேயே பழைய கிளையில் உருவாக்கி வைத்துவிடும். அதைக் குளிர்காலத்தில் வெட்டினால் பூவையே வெட்டி எறிந்த மாதிரி. பூத்து முடிந்த கையோடு காய்ந்த கொத்தை மட்டும் கிள்ளிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டில் தவறில்லை என்றால் அப்புறம் உரத்தைப் பாருங்கள். புல்வெளிக்குப் போடும் தழைச்சத்து உரம் பக்கத்துச் செடிக்கும் போய்ச் சேரும். இலை தள்ளும், பூ வராது. அடர்ந்த நிழலும் இதே வேலையைச் செய்யும். பேனிகுலாட்டாவுக்குத் தினம் 4 முதல் 6 மணி நேர வெயில் வேண்டும்.

கேள்வி: மண்ணில் அமிலத்தைக் கூட்டினால் வெள்ளைப் பூ நீலமாகுமா?

பதில்: ஆகாது. அமில மண்ணில் கரையும் அலுமினியம் பூவில் உள்ள நிறமியோடு சேரும்போதுதான் நீலம் வருகிறது. வெள்ளைப் பூவில் அந்த நிறமியே இல்லை. மருந்து வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பேனிகுலாட்டாவின் பூ முதிரும்போது இளஞ்சிவப்பு ஏறும். அது அதன் இயல்பு, மண்ணுக்குச் சம்பந்தமில்லை.

கேள்வி: தொட்டியில் வைத்திருக்கிறேன். மத்தியானம் ஆனால் துவண்டு விழுகிறது. இரண்டு வேளையும் தண்ணீர் விட்டும் இப்படியே.

பதில்: துவண்டதும் தண்ணீர்க் குடத்தோடு ஓடாதீர்கள். பெரிய இலைகள், உச்சி வெயிலில் வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக நீரை இழக்கும். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் கவலை இல்லை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். ஈர மண்ணிலும் காலையிலேயே துவண்டு கிடந்தால் வேர் அழுகுகிறது என்று பொருள். போபோ 3 அடி வரை வளரும், ஆகவே 40 செ.மீ.க்குக் குறைந்த தொட்டி வேண்டாம். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடுவது மகா தப்பு.

கேள்வி: எங்கள் ஊரில் குளிர்காலம் என்பதே பெயருக்குத்தான். வளர்க்கலாமா?

பதில்: உண்மையைச் சொன்னால், பேனிகுலாட்டா உங்களுக்கான செடியல்ல. கடும் பனியைத் தாங்கும், குளிரில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் இனம் அது. ஓய்வே கிடைக்காவிட்டால் வருடத்துக்கு வருடம் மெலியும். ஆசை விடவில்லையா, பூத்த செடியாக வாங்கி ஒரு பருவம் ரசியுங்கள்.

கேள்வி: வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது. ஆபத்தா?

பதில்: இலை, மொட்டு எல்லாமே நச்சுத்தன்மை உள்ளவை. மென்று தின்றால் வாந்தி, பேதி வரும். கண்டதைக் கடிக்கும் வயது என்றால் வேலி போடுங்கள், அல்லது வாய்க்கு எட்டாத உயரத்தில் தொட்டியை வையுங்கள்.

கேள்வி: குச்சி வெட்டி நட்டால் வருமா?

பதில்: வரும். கோடைத் தொடக்கத்தில், பூ இல்லாத இளந்தண்டை 10–15 செ.மீ. நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, ஈரமான மணல் கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். ஒன்று மட்டும்: புது ரகங்கள் பலவற்றுக்குக் காப்புரிமை உண்டு. லேபிளைப் படித்துவிட்டு அப்புறம் கத்தியை எடுங்கள்.